விடை மட்டும் வழங்கப்படும் பாடம்: மெய்ப்பகுப்பாய்வு கற்பித்தல் குறித்து ஒரு மறுப்பு

மெய்ப்பகுப்பாய்வு என்னும் பாடத்தை விரிவுரையாகவே நடத்த வேண்டும், வேறு வழியில் நடத்த முயல்வது மாணவரின் காலத்தை வீணாக்குவதாகும் என்னும் கருத்து, பல்கலைக்கழகக் கணிதத் துறைகளில் விவாதத்துக்கே வராத உண்மையாக நிலைபெற்றுவிட்டது. ஆசிரியர் வரையறையைக் கரும்பலகையில் எழுதுவார்; அதை ஒட்டித் தேற்றத்தை எழுதுவார்; தேற்றத்தின் கீழ் நிரூபணத்தை வரிவரியாக எழுதி முடிப்பார்; மாணவர் அவற்றைக் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டு போய்த் தனியே அமர்ந்து புரிந்துகொள்ள வேண்டும். இதற்கு மாறாக, நிரூபணத்தைச் சொல்லாமல் நிறுத்திவைத்து, ஒழுங்குபடுத்திய கேள்விகளை மாணவர் முன் வைத்து, அவர்களே ஊகிக்கவும் நிறுவவும் தவறவும் திருத்தவும் இடம் தந்து, அவர்கள் கொண்டுவரும் வாதங்களை வகுப்பே ஆராயும்படி செய்யும் முறை வினாவழிக் கற்பித்தல் எனப்படுகிறது. இம்முறை பள்ளி அறிவியலுக்குப் பொருந்தலாம், பகுப்பாய்வு போன்ற கடினமான பாடத்துக்கு ஒவ்வாது என்பது பரவலான எண்ணம். ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடிக் கண்டதைப் பத்தொன்பது வயது மாணவர் ஒரு பருவத்துக்குள் கண்டுவிட முடியாது என்றும், பாடத்திட்டம் முடியாது என்றும், இயல்பிலேயே திறன்மிக்க சிலர் பயனடைய மற்றவர் கைவிடப்படுவர் என்றும் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவை பொறுப்புணர்விலிருந்து பிறக்கும் காரணங்களே, ஆயினும் தவறானவை. பாடம் கடினமானது, ஆகவே விரிவுரை தேவை என்னும் முடிவு தலைகீழானது. விரிவுரை மிக மோசமாகத் தோற்கும் பாடம் எதுவென்றால், அது மெய்ப்பகுப்பாய்வுதான்.

அதற்கான காரணம் அப்பாடத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. பள்ளியில் நுண்கணிதம் கற்ற மாணவருக்கு வகையிடவும் தொகையிடவும் தெரியும். அச்செயல்கள் ஏன் சரியான விடையைத் தருகின்றன என்பது தெரியாது. இந்த 'ஏன்' என்னும் கேள்வியை 1734இல் ஆயர் ஜார்ஜ் பெர்க்லி கூர்மையாக எழுப்பினார்: ஒரு சிற்றளவைச் சுழியம் அன்று எனக் கொண்டு அதனால் வகுத்துவிட்டு, கணக்கின் இறுதியில் அதையே சுழியமாக்கி நீக்கிவிடுவது எந்த நியாயத்தால் என்று அவர் கேட்டபோது, நியூட்டனின் வழிவந்தோரிடம் நிறைவான மறுமொழி இருக்கவில்லை. பிராகு நகரில் போல்சானோ 1817இலும், பாரிசில் கோஷி 1821இலும், அவர்களுக்குப் பின் பெர்லினில் வையர்ஸ்ட்ராசும் படிப்படியாக உருவாக்கிய மறுமொழியின் தொகுப்பே இன்று மெய்ப்பகுப்பாய்வு என்னும் பெயரில் பாடமாகியிருக்கிறது. மெய்யெண் என்றால் என்ன, எல்லை என்றால் என்ன, தொடர்ச்சி என்றால் என்ன என்று அப்பாடம் தரும் வரையறைகள் யாவும் நெடுநாள் வருத்திய கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள். கேள்வியை அறியாதவர் முன் விடை வைக்கப்படும்போது அது விடையாகத் தோன்றுவதில்லை; காரணமற்ற ஒரு சடங்காகவே தோன்றுகிறது. விரிவுரை வகுப்பில் நிகழ்வது இதுவே.

எல்லையின் வரையறையை எடுத்துக்கொள்ளலாம். 1, 1/2, 1/3, 1/4 என முடிவின்றி நீளும் எண்களின் வரிசை போன்றதொன்று தொடர்முறை எனப்படுகிறது. அது 0 என்னும் எல்லைக்கு ஒருங்குகிறது என்பதற்குப் பாடநூல் தரும் பொருள் இது: எப்சிலான் எனக் குறிக்கப்படும் எந்த மிகை எண்ணை யார் கொடுத்தாலும், ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு வரும் உறுப்புகள் அனைத்தும் 0இலிருந்து எப்சிலானுக்கும் குறைந்த தொலைவில் இருக்கும்படி அவ்விடத்தைக் காட்ட முடிய வேண்டும். 'எந்த', 'ஒரு', 'அனைத்தும்' என்னும் மூன்று சொற்களும் இங்கே அளவையடைகளாக, அதாவது ஒரு கூற்று எத்தனை பொருள்களைப் பற்றியது என வரையறுக்கும் சொற்களாக, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றின் வரிசையை மாற்றினால் பொருளே மாறிவிடும். விரிவுரையாளர் இதை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுகிறார். ஏன் மூன்று சொற்கள் வேண்டும், ஏன் இந்த வரிசையில் வேண்டும், எளிமையாகச் சொன்னால் என்ன கெட்டுவிடும் என்பன எழுதப்படுவதில்லை. மாணவர் வரையறையை மனப்பாடம் செய்துகொள்கிறார்.

வினாவழி வகுப்பில் இதே வரையறை இரண்டு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு தொடர்முறை ஓர் எண்ணை எல்லையாகக் கொள்கிறது என்பதற்கு உங்கள் சொந்தச் சொற்களில் வரையறை எழுதுங்கள் என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வருவது 'உறுப்புகள் அவ்வெண்ணை மேலும் மேலும் நெருங்கும்' என்பதாகவே இருக்கும். அப்போது 2, 3/2, 4/3, 5/4 என்னும் தொடர்முறையை வகுப்பின் முன் வைக்க வேண்டும். அது 1ஐ மேலும் மேலும் நெருங்குகிறது. ஆனால் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தியதைவிடச் சிறியதாதலால் 0ஐயும் மேலும் மேலும் நெருங்கத்தான் செய்கிறது. எனவே அவ்வரையறையின்படி அதற்கு 0உம் எல்லையாகிவிடும். மறுபுறம் 1, 0, 1/2, 0, 1/3, 0 என்னும் தொடர்முறை 0க்கு ஒருங்குகிறது என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் அது எல்லையைத் தொட்டபின் விலகுகிறது, மீண்டும் தொடுகிறது, மீண்டும் விலகுகிறது. 'மேலும் மேலும் நெருங்குதல்' என்பது வேண்டாததை உள்ளே விடுகிறது, வேண்டியதை வெளியே தள்ளுகிறது என்று வகுப்பு உணர்கிறது. அடுத்து ஒருவர், எவ்வளவு சிறிய தொலைவைச் சொன்னாலும் அத்தொலைவுக்குள் முடிவற்ற எண்ணிக்கையில் உறுப்புகள் இருக்க வேண்டும் என்று திருத்துவார். உடனே 1, -1, 1, -1 என்னும் தொடர்முறை எதிர்நிற்கும்: அதற்கு 1உம் எல்லையாகும், -1உம் எல்லையாகும். முடிவற்ற எண்ணிக்கை போதாது, ஓரிடத்துக்குப் பின் அனைத்தும் உள்ளே இருக்க வேண்டும் என்னும் திருத்தம் அங்கேதான் பிறக்கிறது. பிறகு தொலைவை முதலில் சொல்ல வேண்டுமா, இடத்தை முதலில் சொல்ல வேண்டுமா என்னும் கேள்வி எஞ்சும். எல்லாத் தொலைவுகளுக்கும் பொதுவான ஓரிடத்தை முதலிலேயே காட்ட வேண்டும் என்றால், அவ்விடத்துக்குப் பிறகு உறுப்புகள் எல்லாம் எல்லைக்குச் சமமாகவே இருந்தாக வேண்டும். 1, 1/2, 1/3 என்னும் தொடர்முறைகூட ஒருங்காததாகிவிடும். ஆகவே தொலைவே முதலில். இவ்வழியே வந்து சேரும் மாணவருக்கு அந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட அலங்காரமன்று. ஒவ்வொன்றும் எந்தத் தவறைத் தடுக்க அங்கே நிற்கிறது என்பதை அவர் சொல்ல வல்லவராகிறார்.

இவ்விடத்தில் மறுப்பாளர் தம் வலிமையான வாதத்தை எடுத்து வைப்பார்: பெர்க்லியின் கேள்விக்கும் வையர்ஸ்ட்ராசின் விடைக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கிடக்கிறது, அத்தகைய விடையை மாணவர் தாமே கண்டுவிடுவார் என்பது வெறும் நம்பிக்கை அன்றோ? இவ்வாதம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது. மேலே விவரித்த வகுப்பில் மாணவர் காட்டில் விடப்படவில்லை. எந்தத் தொடர்முறை எந்த நேரத்தில் எதிரே வைக்கப்பட வேண்டும் என்பதை அறிந்த ஆசிரியர் அங்கே இருக்கிறார். எந்தத் தவறான வரையறை முதலில் எழும், அதை எது உடைக்கும் என்பதை அவர் முன்கூட்டியே சிந்தித்து வந்திருக்கிறார். கோஷிக்கு அப்படி ஒருவர் இல்லை. வரலாறு கடந்துவந்த முட்டுச்சந்துகளை எல்லாம் மாணவர் நடந்தே தீர வேண்டும் என்று எவரும் கோரவில்லை. அவற்றுள் கற்பிக்கத்தக்க இரண்டு மூன்றைத் தெரிந்தெடுத்து, சுருக்கி, திருப்பங்களில் விளக்கேற்றி வைப்பதே ஆசிரியரின் பணி. அப்பணி விரிவுரையைவிட எளிதன்று. நிரூபணத்தைப் பலகையில் எழுதுவதற்குப் பாடம் தெரிந்தால் போதும். வினாவழி வகுப்புக்குப் பாடத்தோடு, அது எங்கெங்கே தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வரலாறு உண்மையில் மறுப்பாளரின் பக்கம் நிற்பதும் இல்லை. கோஷி 1821இல் வெளியிட்ட தம் பாடநூலில், தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டி அமைக்கும் முடிவிலித் தொடர் ஒருங்குமானால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று ஒரு தேற்றத்தை நிறுவியிருந்தார். சார்பு என்பது ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மதிப்பைத் தரும் விதி. மதிப்பில் திடீர்த் தாவல் இல்லாதிருப்பதைத் தொடர்ச்சி எனத் தோராயமாகக் கொள்ளலாம். 1826இல் இளம் நார்வேக் கணித அறிஞர் ஏபல், அத்தேற்றத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று ஒரு முக்கோணவியல் தொடரைக் காட்டி அடிக்குறிப்பில் எழுதினார். கேம்பிரிட்ஜில் ஸ்டோக்சும் ஜெர்மனியில் ஸைடலும் 1847 அளவில் சிக்கலின் வேரைத் தேடினர். 1853இல் கோஷியே தம் தேற்றத்தைத் திருத்தி எழுதினார். தொடர்ச்சி என்பதை 1821இல் அவர் எப்பொருளில் கொண்டார் என்பது குறித்து வரலாற்றாசிரியரிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருப்பினும், நிரூபணம் என்று எழுதப்பட்டதில் ஓர் இடைவெளி இருந்தது என்பதும், அது திருத்தப்பட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதும் மறுக்க முடியாதவை.

இந்த நிகழ்ச்சியைப் போன்ற கற்பித்தல் வாய்ப்பு மெய்ப்பகுப்பாய்வில் வேறொன்று இருப்பது அரிது. விரிவுரையாளர் அதை எப்படிக் கையாளுகிறார்? 'சீரான ஒருங்கல்' என்னும் வரையறையை முதலில் எழுதுகிறார். பிறகு தேற்றத்தின் திருத்தப்பட்ட வடிவத்தை எழுதுகிறார். பிறகு எப்சிலானை மூன்றால் வகுத்து, மூன்று துண்டுகளைக் கூட்டி நிரூபணத்தை முடிக்கிறார். மூன்றால் வகுத்தது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவருக்கு, இறுதியில் கணக்குச் சரியாக வரும் என்பதே மறுமொழி. வினாவழி வகுப்பிலோ கோஷியின் பிழையான தேற்றம், பிழை என்று அறிவிக்கப்படாமலே மாணவர் கையில் தரப்படும்: இது உண்மையா, உண்மையாயின் நிறுவுக. அவர்கள் நிறுவத் தொடங்குவார்கள். எல்லைச் சார்பு, அதாவது தொடரின் பகுதிக் கூட்டுத்தொகைகளின் தொடர்முறை ஒருங்கும் சார்பு, ஒரு புள்ளியில் பெறும் மதிப்புக்கும் அருகிலுள்ள இன்னொரு புள்ளியில் பெறும் மதிப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியது என்று காட்ட வேண்டும். அதை நேரடியாகக் காட்ட வழியில்லை; தொடர்முறையிலுள்ள ஏதேனும் ஒரு சார்பின் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். ஆகவே மூன்று படிகள்: முதற்புள்ளியில் எல்லைச் சார்பிலிருந்து அச்சார்புக்கு, அங்கிருந்து அதே சார்பின் வழியே அடுத்த புள்ளிக்கு, அங்கிருந்து மீண்டும் எல்லைச் சார்புக்கு. எப்சிலான் ஏன் மூன்றாகப் பங்கிடப்படுகிறது என்னும் கேள்விக்கு இங்கேயே விடை வந்துவிடுகிறது. பிறகு யாரோ ஒருவர் கடைசிப் படியில் தயங்குவார்: அந்தச் சார்பு முதற்புள்ளியில் எல்லைக்கு அருகே இருக்குமாறு தெரிந்தெடுக்கப்பட்டது, இரண்டாம் புள்ளியிலும் அது அருகே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? உறுதி இல்லை. 0 முதல் 1 வரையிலான எண்களை முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என உயர்த்திக்கொண்டே போகும் சார்புகளைப் பார்த்தால், 1ஐவிடச் சிறிய ஒவ்வோர் எண்ணிலும் மதிப்பு 0ஐ நோக்கிச் செல்கிறது, 1இல் மட்டும் 1ஆகவே நிற்கிறது. தொடர்ச்சியான சார்புகளின் எல்லையில் ஒரு தாவல் தோன்றிவிடுகிறது. புள்ளி 1ஐ நெருங்க நெருங்க, தேவைப்படும் அடுக்கு உயர்ந்துகொண்டே போகிறது. எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே சமயத்தில் போதுமான ஓர் இடம் வேண்டும் என்னும் கோரிக்கையை வகுப்பே எழுப்பும். அக்கோரிக்கையின் பெயர்தான் சீரான ஒருங்கல் என்று ஆசிரியர் அப்போது சொன்னால் போதும்.

புதிய கருத்து பிறப்பதற்கு வகுப்பறை ஏற்ற இடமன்று என்போர் டெடிகிண்டின் சான்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 1858இல் சூரிக் நகரின் பல்தொழில்நுட்பப் பள்ளியில் வகைநுண்கணிதம் கற்பிக்கத் தொடங்கிய அவர், வடிவியல் படத்தைக் காட்டி 'பார்த்தால் தெரியும்' என்று சொல்வதைத் தவிரத் தமக்கு வழியில்லை என்பதை மாணவர் முன் நிற்கையில் உணர்ந்தார். விகிதமுறு எண்கள், அதாவது இரு முழு எண்களின் விகிதமாக எழுதத்தக்கவை, எண்கோட்டில் இடைவெளிகளை விட்டுவைக்கின்றன என்னும் உணர்விலிருந்து, அவ்விடைவெளிகளை நிரப்பி மெய்யெண்ணை வரையறுக்கும் கருத்தை அவ்வாண்டு நவம்பரில் அவர் கண்டடைந்து, 1872இல் நூலாக வெளியிட்டார். பாடம் சொல்லும் கடமையே இங்குக் கண்டுபிடிப்பைத் தூண்டியது.

விரிவுரையின் ஆற்றலை நம்புவோர், நல்ல விரிவுரையாளர் இந்தக் கதைகளையும் காரணங்களையும் வாய்மொழியாகச் சொல்லிவிடுவாரே என்பர். சொல்வார், கேட்பவருக்கு அது போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சிறந்த ஆசிரியர் எனப் பெயர்பெற்ற ஒருவர் மெய்ப்பகுப்பாய்வு வகுப்பில் ஒரே ஒரு நிரூபணத்தை நடத்தியதை ஒளிப்பதிவு செய்து, அவர் உணர்த்த எண்ணியது என்ன என்பதை அவரிடமே கேட்டறிந்து, பின் அவ்வகுப்பின் மாணவர் ஆறு பேரிடம் அவர்கள் பெற்றுக்கொண்டது என்ன என்று விசாரித்தது. தொடர்முறையின் எல்லை எதுவெனத் தெரியாதபோதும், அதன் உறுப்புகள் தம்முள் ஒன்றையொன்று நெருங்குவதைக் காட்டி அது ஒருங்கும் என நிறுவலாம் என்பதே அந்நிரூபணத்தின் உயிர்நிலை. ஆசிரியர் இத்தகைய கருத்துகளைப் பெரும்பாலும் வாயால் சொன்னார். பலகையில் எழுதியவை சமனிலிகளும் குறியீடுகளுமே. மாணவர் பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டனர். வாயால் சொன்னது அவர்களின் குறிப்பேட்டிலும் இல்லை, நினைவிலும் பெரும்பாலும் இல்லை. ஆறு பேரைக் கொண்டு உலகம் முழுவதற்கும் முடிவுகட்ட முடியாது. ஆயினும், ஆசிரியர் திறமையானவர், நிரூபணம் சரியானது, விளக்கம் தெளிவானது என்னும் மூன்றும் அமைந்த இடத்திலேயே கருத்து மாணவரைச் சென்றடையவில்லை என்றால், குறையை மாணவரின் சோம்பலில் மட்டும் தேடுவது நேர்மையாகாது. அறிவியல், பொறியியல், கணிதம் ஆகியவற்றின் இளநிலைப் படிப்புகளில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2014இல் வெளியான மதிப்பீட்டில், வெறும் விரிவுரை வகுப்புகளின் சராசரித் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடாகவும், மாணவர் ஈடுபட்டுச் செயல்படும் வகுப்புகளில் அது 21.8 விழுக்காடாகவும் இருந்தது. அம்மதிப்பீடு பகுப்பாய்வுக்கு மட்டுமானதன்று. ஆனால் விரிவுரையே இயல்பான முறை, மற்றவைதாம் தம்மை நிறுவிக்கொள்ள வேண்டும் என்னும் எடுகோளை அது அசைத்துவிட்டது.

இதற்கு எதிராக அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை. மனிதரின் செயல்நினைவு ஒரே நேரத்தில் மிகச் சிலவற்றையே தாங்கும். எனவே குறைந்த வழிகாட்டலோடு தொடக்கநிலையாளரைத் தேடவிடுவது அவர்களின் நினைவைச் சுமையால் நிரப்பிக் கற்றலைக் கெடுக்கும் என்பது அவர்களின் வாதம். நினைவு குறித்து அவர்கள் கூறுவதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் கண்டிப்பது வழிகாட்டல் இன்மையை. ஆசிரியர் வினாக்களை ஒழுங்குபடுத்தி, ஒரு படிக்கு ஒரு சிக்கலை மட்டும் எதிரே வைக்கும் வகுப்பை அன்று. சுமைதான் அளவுகோல் என்றால் அதை விரிவுரைக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று அளவையடைகள், இரண்டு சமனிலிகள், காரணம் சொல்லப்படாத ஒரு மாறிலி, புதிய குறியீடு ஆகிய அனைத்தையும் ஐந்து நிமிடத்தில் கேட்டு, எழுதி, புரிந்துகொள்ளவும் வேண்டும் என்று கோருவதைவிடச் செயல்நினைவுக்குப் பெரிய சுமை எது?

பாடத்திட்டம் முடியாது என்னும் மறுப்பைப் பொருட்படுத்தத்தான் வேண்டும், ஏனெனில் அது உண்மை. வினாவழி வகுப்பில் தேற்றங்களின் எண்ணிக்கை குறையும். ஆனால் 'முடித்தல்' என்பது யாருடைய செயல் என்று கேட்க வேண்டும். ஆசிரியர் முப்பது தேற்றங்களைச் சொல்லி முடித்துவிட, மாணவரால் அவற்றுள் ஒன்றையேனும் புதிய சூழலில் பயன்படுத்த முடியவில்லை என்றால், முடிந்தது ஆசிரியரின் பாடம் மட்டுமே. வினாவழி வகுப்புகளில் பயின்றோரைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, குறைந்த அளவு பாடம் நடத்தப்பட்டது அவர்களின் அடுத்தடுத்த கணிதப் படிப்புகளைப் பாதிக்கவில்லை என்றும், முன்பு குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தோருக்கு நன்மையே விளைந்தது என்றும் கண்டது. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. பகுப்பாய்வின் நிரூபணங்களுள் பல ஒரே சில உத்திகளின் மறுபயன்பாடுகள்: தொலைவைப் பங்கிடுதல், இடைவெளியைத் திரும்பத் திரும்பப் பாதியாக்குதல், எதிர்மறுப்பு, எல்லைக்கு முன்னும் பின்னும் பிரித்து நோக்குதல். இவற்றைத் தாமே ஒருமுறை கண்டெடுத்தவர், சொல்லப்படாத தேற்றத்தை நூலிலிருந்து படித்துக்கொள்வார். எல்லாவற்றையும் கேள்வியாக்க வேண்டியதும் இல்லை. மெய்யெண்களின் அமைப்பை விகிதமுறு எண்களிலிருந்து கட்டியெழுப்பும் நீண்ட சரிபார்ப்பு போன்றவை சொல்லிக் கொடுக்கவோ படிக்கக் கொடுக்கவோ தக்கவை. அவற்றில் மாணவர் திணறிப் பெறுவது கொஞ்சம். இடைநிலை மதிப்புத் தேற்றம், ஒருங்கலின் வரையறை, சீரான ஒருங்கல், தொடர்ச்சியான சார்பு ஒரு மூடிய இடைவெளியில் மீப்பெரு மதிப்பை அடையும் என்பது போன்றவை மாணவரிடம் விடப்பட வேண்டியவை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைப்பது என்னும் இத்தீர்ப்பே ஆசிரியரின் புலமை வெளிப்படும் இடம்.

திறன்மிக்க சிலருக்கு மட்டுமே இம்முறை உதவும் என்னும் மறுப்பு, பெரும்பாலும் ராபர்ட் லீ மூர் என்னும் பெயரிலிருந்து தொடங்குகிறது. 1920 முதல் 1969 வரை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மூர், மாணவர் நூல்களைப் படிப்பதையும் ஒருவரோடொருவர் கலந்துபேசுவதையும் தடைசெய்து, வரையறைகளையும் தேற்றக் கூற்றுகளையும் மட்டும் கொடுத்து, நிரூபணங்களை அவர்களே பலகையில் நிறுவும்படி செய்தார். அவரிடம் ஐம்பது பேர் முனைவர் பட்டம் பெற்றனர். அவர்களுள் வில்டர், பிங், வைபர்ன் ஆகியோர் பின்னாளில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவர்களாயினர். மேரி எல்லன் ரூடின் இடத்தியலின் பெரும் ஆய்வாளராக விளங்கினார். மெய்ப்பகுப்பாய்வு விரிவுரைகளுக்கு உலகெங்கும் அடிப்படையாகிவிட்ட பாடநூலை எழுதிய வால்டர் ரூடின் அவருடைய கணவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அந்நூலைப் போற்றுவோர் பலரும் அதன் பயிற்சிக் கணக்குகளோடு பல நாள் மல்லாடியதையே தம் கணித வாழ்வின் தொடக்கமாகக் குறிப்பிடுவர். அம்மல்லாட்டத்துக்கு வகுப்பறைக்குள் இடமளிப்பதையே வினாவழிக் கற்பித்தல் கோருகிறது. மூரின் புகழோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டிய இன்னொன்றும் உண்டு. அவர் கறுப்பின மாணவருக்குத் தம் வகுப்பில் இடம் தர மறுத்தார். அப்பல்கலைக்கழகத்தில் 1966இல் முனைவர் பட்டம் பெற்ற விவியன் மலோன்-மேயஸ் அவ்வாறு மறுக்கப்பட்டவருள் ஒருவர். மூரின் பெயர் தாங்கிய கட்டடத்துக்கு 2020இல் பெயர் மாற்றப்பட்டது நியாயமே. யாரை வகுப்பில் சேர்ப்பது என்பதைத் தாமே முடிவுசெய்த, போட்டியைத் தூண்டிய, கலந்துரையாடலை விலக்கிய ஒருவரின் நடைமுறையைக் கொண்டு வினாவழிக் கற்பித்தலின் இயல்பைத் தீர்மானிப்பது தவறு. இன்று அம்முறையைக் கையாளும் ஆசிரியருள் பலர் மாணவரைக் குழுக்களாகச் சேர்ந்து உழைக்க வைப்பவர்கள்.

அத்தகைய வகுப்புகளைப் பற்றி நான்கு பல்கலைக்கழகங்களில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், வழக்கமான வகுப்புகளில் ஆண்களைவிடக் குறைவான கற்றல் பயனையும் தன்னம்பிக்கையையும் தெரிவித்த பெண்கள், வினாவழி வகுப்புகளில் ஆண்களுக்கு நிகராகத் தெரிவித்தனர். 2020இல் இயற்கணித வகுப்புகளைப் பற்றி வெளியான மற்றோர் ஆய்வோ, வினாவழி வகுப்புகளில் ஆண்கள் பெண்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றதையும், வழக்கமான வகுப்புகளில் அவ்வேறுபாடு காணப்படாததையும் எடுத்துக்காட்டியது. இவ்விரண்டாம் முடிவை மறைப்பதோ சிறுமைப்படுத்துவதோ கூடாது. பலகைக்கு யார் அழைக்கப்படுகிறார், யாருடைய தவறு மதிப்போடு ஆராயப்படுகிறது, உரத்த குரலில் பேசுவோர் அவையைப் பிடித்துக்கொள்ளும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பவற்றில் கவனம் தவறினால், வெளியுலகின் ஏற்றத்தாழ்வு அப்படியே உள்ளே வந்துவிடும். அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும் விரிவுரை வகுப்பில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. அம்முடிவு ஆசிரியரைக் கூடுதல் பொறுப்புக்கு அழைக்கிறது. முறையைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை.

இந்தியச் சூழலில் இதெல்லாம் நடவாது என்போருக்கு நாட்டுக்குள்ளேயே மறுமொழி இருக்கிறது. கணித அறிஞர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம், கோடை விடுமுறையில் நான்கு வாரங்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் கல்லூரி மாணவரைக் கூட்டி நடத்தப்படுவது. அங்கே பாடம் சொல்லித் தரப்படுவதைவிடக் கேட்டுக் கேட்டு வரவழைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டை மாணவர் தர வேண்டும், வரையறையை மாணவர் சோதிக்க வேண்டும், நிரூபணத்தின் அடுத்த படியை மாணவர் ஊகிக்க வேண்டும். புகழ்பெற்ற நிறுவனங்களிலிருந்து மட்டுமன்றிச் சாதாரணக் கல்லூரிகளிலிருந்தும் வரும் மாணவரே அங்குப் பயில்கின்றனர் என்பது, திறன்மிக்க சிலருக்கே உரியது என்னும் வாதத்துக்கு எதிரே நிற்கிறது. குமரேசன் இணையாசிரியராக எழுதிய மெய்ப்பகுப்பாய்வுப் பாடநூலும் அதே மனப்பாங்கில், வாசகர் சிந்திக்க வேண்டிய இடங்களை விட்டுவைத்து நடப்பது.

ஆனால் ஒரு கோடைத் திட்டம் முழு ஆண்டையும் ஈடுசெய்யாது. அறுபது பேர் அமரும் வகுப்பும், பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டமும், வெளியே தயாராகும் வினாத்தாளும் கல்லூரி ஆசிரியரைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்பது மெய். வகுப்பின் அளவு கடக்க முடியாத தடையன்று; அறுபது பேரை நால்வர் நால்வராகப் பிரித்து, ஒரே தவறான வரையறையை எல்லாக் குழுக்களுக்கும் கொடுத்து, உடைக்கும் எடுத்துக்காட்டைத் தேடச் சொல்வதற்கு ஒரு கரும்பலகையும் ஒரு மணி நேரமும் போதும். உண்மையான தடை வினாத்தாள். 'இன்ன தேற்றத்தைக் கூறி நிறுவுக' என்னும் வினாவுக்குப் பத்து மதிப்பெண் என்று இருக்கும்வரை, நிரூபணத்தைப் படியெடுத்து மனப்பாடம் செய்யும் மாணவர் பகுத்தறிவோடுதான் நடந்துகொள்கிறார். அவருக்குக் கேள்வி கேட்கும் வகுப்பு காலவிரயமாகவே படும். அந்தப் பத்து மதிப்பெண்ணில் பாதியையேனும், ஒரு பிழையான நிரூபணத்தைக் கொடுத்து எந்த வரியில் அது முறிகிறது என்று காட்டச் சொல்லும் வினாவுக்கோ, ஒரு வரையறையில் இரு சொற்களை இடம் மாற்றினால் எந்தத் தொடர்முறைகள் வெளியேறும் என்று கேட்கும் வினாவுக்கோ ஒதுக்குவதற்குப் பாடத்திட்டக் குழுவுக்குப் புதிய கட்டடமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. ஒரு கூட்டத்தில் எடுக்கப்படும் தீர்மானம் போதும். தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடருக்குக் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்னும் கோஷியின் 1821ஆம் ஆண்டு வாதத்தை, திருத்தாமல், அத்தகைய முதல் வினாவாக வைக்கலாம்.